நீலம் இல்லாத கடல்: சுவரில் மாட்டும் கறுப்பு வெள்ளைக் கடற்கரைப் படங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் வாசல் நிலைக்கு மேலே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. தாத்தா, பாட்டி, இளவயதிலேயே போய்விட்ட சித்தப்பா. மூன்றும் சற்று முன்சாய்ந்து, கீழே நிற்பவரைக் குனிந்து பார்ப்பதுபோல் மாட்டப்பட்டவை. எதிர்ச்சுவரில் தனுஷ்கோடிக் கடலின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நான் மாட்டிய வாரத்தில் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கடல் நீலமாகத்தானே தம்பி இருக்கும்? நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு ஏன் மாட்டியிருக்கிறாய்?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. நம் வீடுகளில் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கினால், மாலையும் சிறு விளக்கும் இல்லாவிட்டாலும், மனம் முதலில் மறைந்தவர்களையே நினைக்கிறது. கடற்கரைப் படத்தை நிறமில்லாமல் மாட்டுவதற்கு நல்ல காரணம் வேண்டும். அத்தைக்கு அன்று பாதி பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து, கேமராவே தொடாதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

கடலின் நிறம் ஒரு நாளிலேயே பலமுறை மாறுகிறது. விடியலில் ஈயம்போல் இருக்கும். பத்து மணிக்குப் பச்சை, உச்சிவெயிலில் நீலம், மேகம் மூடினால் சாம்பல். தண்ணீரின் சொந்த நீலத்தோடு வானத்திடமிருந்தும் அடியிலுள்ள மணலிடமிருந்தும் வாங்கிக்கொண்டதும் சேர்ந்த நிறம் அது. வண்ணப்படத்தில் நம் கண் முதலில் அந்த நிறத்தைத்தான் பிடிக்கிறது. ஆரஞ்சுச் சூரியன், நீலத் தண்ணீர் என்று கண்டதும் “நல்ல சூரிய உதயம்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். நிறத்தை எடுத்துவிட்டால் அப்படி நகர முடியாது. அலை திரும்பும்போது மணலில் விடும் கோடு, ஈரமணலுக்கும் காய்ந்த மணலுக்கும் இடையே உள்ள விளிம்பு, கல்லின் சொரசொரப்பு, தண்ணீரும் வானும் சேரும் இடம் ஆகியவை முன்னுக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தின் பொருளே வெளிச்சம்தான். அந்த வெளிச்சம் விழுந்து கிடக்கும் இடமாகக் கடற்கரை அமைகிறது.

பெயர்தான் கறுப்பு வெள்ளை. நல்ல படத்தில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் கொஞ்சமே இருக்கும், மற்றதெல்லாம் சாம்பல். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸும் அவருடைய சகா ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டிய காலத்தில் இந்தச் சாம்பலை 0 முதல் 10 வரை படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். 0 என்பது எதுவுமே தெரியாத கறுப்பு, 10 என்பது வெறும் தாளின் வெள்ளை, 5 நடுச்சாம்பல். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தால் எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் வாசித்துவிடலாம்.

எங்கள் கூடத்துப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். முன்னால் பாதி புதைந்த ஒரு கல் இருக்கிறது. அது 2-ஆம் படி. கறுப்புதான், ஆனால் கூர்ந்து பார்த்தால் அதில் ஒட்டிய சிப்பிகளின் மேடுபள்ளம் தெரியும். அதைச் சுற்றிய ஈரமணல் 4. மேட்டிலுள்ள காய்ந்த மணல் 6 அல்லது 7. கல்லைச் சுற்றி வழியும் நுரை 8-ஐத் தாண்டி 9-ஐத் தொடுகிறது. நுரை 10-க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. 10-க்குப் போன நுரை நுரையாகவே இருக்காது, படத்தில் விழுந்த ஓட்டைபோல் வெறும் தாளாகத் தெரியும். சுவரில் அந்த ஓட்டை ஒவ்வொரு நாளும் கண்ணை உறுத்தும். கடையில் ஒரு படத்தை வாங்கப் போனாலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெள்ளைக்குள் ஏதாவது இருக்கிறதா, கறுப்புக்குள் ஏதாவது இருக்கிறதா?

வண்ணத்தில் அழகாக இருக்கும் காட்சி எல்லாம் கறுப்பு வெள்ளையில் நன்றாக வந்துவிடாது. பச்சைக் கடலில் சிவப்பு பூசிய ஒரு வள்ளம் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தில் பளிச்சென்று தெரியும். நிறத்தை நீக்கினால் அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடலாம். வள்ளம் கடலுக்குள் கரைந்துபோகும். ஃபிலிம் காலத்தில் இதற்காக லென்ஸின் முன்னால் நிறக் கண்ணாடி போட்டார்கள். சிவப்புக் கண்ணாடி சிவந்த பொருளை வெளுப்பாக்கும், நீல வானத்தைக் கருக்க வைக்கும். வெண்மேகம் அதில் எடுப்பாக நிற்கும். இன்று அதே வேலையை மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள தனிப் பட்டையை நகர்த்திச் செய்கிறோம். ஆகவே ‘கறுப்பு வெள்ளை’ என்ற பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கடற்கரையில் நிற்கும்போதே இதை ஓரளவு ஊகிக்க ஒரு பழைய வழி உண்டு. கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். நிறம் பின்வாங்கி வெளிச்சமும் இருளும் மட்டும் நிற்கும். அப்போதும் காட்சி நன்றாக இருந்தால் எடுக்கலாம்.

கடலையும் வானத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவது தொடக்கத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அறிந்தபின் இந்தக் கலையின்மேல் எனக்கு மரியாதை கூடியது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 1857 ஆண்டுகளில் கடலைப் படமெடுத்தார். அப்போது இருந்தது ஈரக் கண்ணாடித் தகடு. ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். அந்தத் தகடு நீல ஒளிக்கு மிகக் கூர்மையாக வினை செய்யும். கடல் பதிவதற்குள் வானம் எரிந்து வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்றபடி எடுத்தால் கடல் இருண்டுவிடும். லெ கிரே வானத்தைத் தனியாகவும் கடலைத் தனியாகவும் எடுத்து, இரண்டு நெகட்டிவ்களையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களுக்கு மேல் வருவதை இன்றும் கண்டுபிடிக்கலாம். தென்பிரான்சின் செத் துறைமுகத்தில் 1857-இல் அவர் எடுத்த பேரலைப் படத்தின் பிரதி ஒன்று 1999-இல் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஏலத்தில் ஒரு புகைப்படத்துக்கு அதுவரை கிடைத்திராத விலை அது.

பிற்காலத்தவர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும், இந்த வகைப் படங்களின் இரண்டு கரைகளும் புரிந்துவிடும். ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகின் பல கடல்களை ஒரே விதமாக எடுத்துவருகிறார். மேல்பாதி வானம், கீழ்ப்பாதி நீர், நடுவில் கோடு. படகு இல்லை, பாறை இல்லை, பறவைகூட இல்லை. ஒன்றைப் பார்த்தால் என்ன இருக்கிறது இதில் என்று தோன்றும். நான்கைந்தை அடுத்தடுத்துப் பார்த்தபின் ஒவ்வொரு நீரின் மேல்தோலும் வேறு வேறு என்று கண் தானே கண்டுகொள்ளும். அவருடைய பெரிய பிரிண்ட்கள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம். முன்னால் நின்றால் கரையில் நிற்பதுபோலவே இருக்கும். மற்றவர் இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் கென்னா. விடியலிலும் இரவிலும், கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை நிமிடக் கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் திறந்து வைத்து எடுப்பவர். கடலில் நட்ட கம்பங்கள், பனியில் ஒரு வேலி, அவ்வளவுதான் இருக்கும். அவருடைய பிரிண்ட்கள் பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் சதுரத்தைத் தாண்டாது. நாம்தான் சுவரை நோக்கிப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். பெரிய சுவருக்குப் பெரிய படம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். சிறிய படம் ஆளை அருகில் அழைக்கிறது.

இனித் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை பவளக்கல் வைத்துக் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் இடிபாடு, இன்னும் சில மொட்டைச் சுவர்கள், சில குடிசைகள். இந்த இடத்தை நான் மறுபடி மறுபடி தேடிப் போவதற்கு இடிபாடுகள் காரணமில்லை. ஒரு மணல்திட்டுக்கு இருபுறமும் இரண்டு கடல் அங்கே. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அமைதியான நீர், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலையடிக்கும் நீர். அந்தப் பகுதி மக்கள் ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அமைதியான பக்கமும் கொந்தளிக்கும். கறுப்பு வெள்ளைக்காரருக்கு இது பெரிய கொடை. வழவழப்பான சாம்பல் வேண்டுமானால் வடக்கே திரும்பலாம், நுரையும் கோடும் வேண்டுமானால் தெற்கே நடக்கலாம். சில நூறு அடிகள்தான்.

தண்ணீர் படத்தில் எப்படித் தெரியும் என்பதை ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. ஒரு விநாடியை 500 பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரம் திறந்தால் அலை உடையும்போது சிதறும் துளிகள் அந்தரத்தில் உறைந்து நிற்கும். அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை திறந்தால், பின்வாங்கும் அலை மணலில் சீப்பால் வாரியதுபோல் வெண்கோடுகளை இழுத்துவிட்டுப் போகும். அரை நிமிடம் திறந்தால் கடல் பாலாகிவிடும். நான்கு நிமிடத்தில் நீர் பனிமூட்டமாகி, மேகமும் வானில் நீண்டு படியும். வெளிச்சம் அதிகமான நேரத்தில் இவ்வளவு நேரம் திறந்தால் படம் முழுவதும் வெளுத்துவிடும் என்பதால் லென்ஸின் முன்னால் ஒரு கருங்கண்ணாடி போடுவார்கள். என்.டி. ஃபில்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது; 10 ஸ்டாப் ஃபில்டர் ஒளியைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஒரு விநாடியின் 60-இல் ஒரு பங்கு நேரத்தில் முடிய வேண்டிய படம் அதைப் போட்டதும் ஏறத்தாழ 17 விநாடி கேட்கும்.

பால்கடல் படங்கள் இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கின்றன. முதல் பார்வையில் மயக்கும். ஆனால் ஒரே நாளின் எல்லா அலைகளையும் அழித்துவிட்ட படத்தில் சில மாதங்களுக்குப் பிறகு பார்ப்பதற்கு அதிகம் இருப்பதில்லை என்பது என் அனுபவம். எனக்கு அந்த ஒரு விநாடிதான் பிடிக்கும். அதில் கடல் ஓய்ந்தும் போவதில்லை, உறைந்தும் போவதில்லை. எந்தத் திசையில் போகிறது என்பது கோடுகளில் எழுதியிருக்கும். கூடத்துப் படத்துக்காக அந்தக் கல்லின் முன்னால் அறுபதுக்கும் மேற்பட்ட முறை ஷட்டரை அழுத்தினேன். ஒவ்வொரு அலையும் கல்லை வேறு விதமாகச் சுற்றியது. ஒன்றே ஒன்றில்தான் நுரை கல்லை முழுதாக வளைத்து, இடப்பக்கம் திறந்துவிட்டு ஓடியது.

எடுக்கும் ஆசை உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். கேமராவைத் தாங்கும் முக்காலியின் கால்களை மணலில் அழுத்தி ஊன்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அலைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். படத்தை, கேமரா பதிந்த தகவல் முழுவதும் அப்படியே இருக்கும் ரா கோப்பாகச் சேமித்துக்கொண்டு, கேமராவின் திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டும்படி வையுங்கள். நிறத் தகவல் பத்திரமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தொடுவானம் ஒரு மயிரிழைகூடச் சாயக்கூடாது. கையில் வைத்துப் பார்க்கும் படத்தில் தெரியாத சாய்வு, நேரான சட்டத்துக்குள் போனதும் தெரிந்துவிடும். பிறகு வருகிறவர்கள் எல்லோரும் ஃபிரேமை நிமிர்த்திக்கொண்டே இருப்பார்கள்.

சுவருக்கு எது பொருந்தும்? கைபேசியில் நாம் ஒரு படத்துக்குக் கொடுப்பது இரண்டு விநாடி. சுவரில் மாட்டியது பத்து ஆண்டுகள் நம்மோடு இருக்கும். காப்பி குடிக்கும்போதும், யாருக்காகவோ காத்திருக்கும்போதும், தூக்கம் வராத இரவிலும் கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் படம் அங்கே சீக்கிரம் அலுத்துவிடும். வெற்றிடம் உள்ள படம் நீடிக்கும். கடற்கரையில் அந்த வெற்றிடம் இயல்பாகவே கிடைக்கிறது. நம் பழைய திணை மரபு கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தது. காத்திருந்து ஏங்குபவளின் நிலம் அது. பரந்த நீரின் முன்னால் நிற்கும்போது மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. அத்தைக்குப் பாதியில் நிறுத்திய பதில் இதுதான்: நிறம் இருந்தால் அது சுற்றுலாப் போன இடத்தின் படமாகத் தெரியும். நிறம் போனதும் நெய்தலாகத் தெரிகிறது.

பிரிண்ட் விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்லியே ஆக வேண்டும். முதல்முறை ஒரு கடையில் பளபளப்பான தாளில் 36 அங்குல அகலத்துக்குப் போட்டு வாங்கினேன். கடை வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் முழுவதும் லேசான ஊதா. வண்ண மைகளைக் கலந்தே சாம்பலை உண்டாக்கும் பிரிண்டரில் இந்தக் கோளாறு எளிதில் வந்துவிடும். போதாததற்கு, படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி ஃபிரேம் போட்டிருந்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்துத் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரிக்க முயன்றபோது கடல் கிழிந்தது.

அதன்பிறகு மூன்று விஷயங்களில் உறுதியாக இருக்கிறேன். பல சாம்பல் மைகள் உள்ள, பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள்களால் ஆன மை) பயன்படுத்தும் பிரிண்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். முழு அளவில் போடுவதற்கு முன் ஏ4 அளவில் ஒன்று போட்டு வாங்கி, அதை ஜன்னல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்ப்பேன். திரை தானே ஒளிர்வது, தாள் அப்படி ஒளிராது; ஆகையால் திரையில் சரியாக இருந்த படம் தாளில் இருட்டாக வருவது வழக்கம், அதைச் சோதனைப் பிரிண்டில்தான் திருத்த முடியும். தாள் பருத்தியில் செய்த மேட் தாள். அதில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது, ஆனால் வெளிச்சம் பட்டு மினுங்காது, மணலும் மூட்டமும் அதில் அழகாக உட்காரும். பாறையும் ஆழ்ந்த கறுப்புமாக உள்ள படத்துக்கு பரைட்டா என்ற சற்றே மினுமினுப்புள்ள தாள் பொருந்தும். கேன்வாஸில் போட்டுத்தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். கண்ணாடி தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் துணியின் நெசவு நுரையின் நுணுக்கத்தை விழுங்கிவிடுகிறது. கறுப்பு வெள்ளைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அளவுக்கு எளிய கணக்கு: 24 மெகாபிக்சல் கேமராவின் படம் பொதுவாக 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 20 அங்குல அகலம் வரும். 200 புள்ளி போதுமென்றால் 30 அங்குலம். கூடத்தில் ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்கு 200 தாராளம்.

ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி மூன்று அங்குலம் வெள்ளை மவுண்ட் அட்டை வையுங்கள். அமிலமற்ற அட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். அந்த அட்டை கண்ணாடியைத் தாளிலிருந்து விலக்கி நிறுத்துகிறது; எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் சுவர்கள் பெரும்பாலும் வெள்ளை கிடையாது. ரோஸ், வெளிர்பச்சை, சந்தனம். ரோஸ் சுவரில் சாம்பல் படத்தை நேரடியாக வைத்தால் சாம்பல் பச்சைபோல் தோன்றும். கண்ணின் இயல்பு அது. வெள்ளை அட்டை நடுவில் வேலிபோல் நின்று அதைத் தடுக்கிறது. சட்டம் மெல்லிய கறுப்பு அல்லது தேக்கு. தங்க வேலைப்பாடு வேண்டாம்.

மாட்டும் உயரத்தில்தான் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் படத்தை நிலைக்கு மேலே வைப்பது மரியாதை. கடலை அங்கே வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும். நிற்பவரின் கண்மட்டம் ஏறக்குறைய அது. சோபாவுக்கு மேல் என்றால் சாய்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஏழெட்டு அங்குலம் போதும். ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரைத் தவிருங்கள், கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் விழும் சுவர் நல்லது. மழையில் நனையும் வெளிச்சுவரின் உட்புறத்தில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றுக்கு வழிவிடுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பித்தளைக் கொக்கி வாங்குவது நல்லது, இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் கோடு இறக்கும்.

சட்டத்தை மூடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிரிண்டின் பின்பக்கம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் இடமும் நேரமும் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் மை முன்பக்கத்துக்கு ஊறும். நிலைக்கு மேலுள்ள மூன்று படங்களைத் துடைப்பதற்காக அத்தை ஒருமுறை இறக்கச் சொன்னார். தாத்தா படத்தின் பின்னால் மட்டும் ஸ்டுடியோக்காரர் பென்சிலில் ஏதோ ஒரு தேதி போட்டிருந்தார். மற்ற இரண்டும் எப்போது எடுத்தவை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று மாலையே எதிர்ச்சுவர்ப் படத்தை இறக்கி, பின்அட்டையைப் பிரித்து எழுதினேன்: தனுஷ்கோடி, தென்கடல், காலை 6.20, ஒரு விநாடி.